நிகழ்பட ஆட்ட உருவாக்குநர் நேர்காணல்

நிகழ்பட ஆட்ட உருவாக்குநர் நேர்காணல் என்பது, வீடியோ கேம் எனப் பரவலாக அறியப்படும் நிகழ்பட ஆட்டங்களை உருவாக்கும் வடிவமைப்பாளர், நிரலாளர், ஓவியர், கதையாசிரியர், தயாரிப்பாளர் முதலியோர் தமது பணி குறித்து வழங்கும் நேர்காணல் ஆகும். விற்பனையைக் கருதி அளிக்கப்படும் வழமையான நேர்காணல்களிலிருந்து வேறுபட்டு, ஆட்டத்தின் குறைகள், கைவிடப்பட்ட திட்டங்கள், பணப் பற்றாக்குறை, குழுவினருக்குள் எழுந்த கருத்து வேறுபாடுகள் ஆகியவற்றையும் மறைக்காமல் கூறும் நேர்காணல்கள் வெளிப்படையான நேர்காணல்கள் எனப்படுகின்றன.

இவ்வகை நேர்காணல்களை இரசிகர்கள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பது, சொல்லப்பட்ட செய்தியை மட்டுமன்றி, அது சொல்லப்பட்ட காலத்தையும் பொறுத்து அமைகிறது. ஆட்டம் வெளிவருவதற்கு முன் கூறப்படுவது வாக்குறுதியாகக் கொள்ளப்படுகிறது. வெளிவந்த உடன் கூறப்படுவது பெரும்பாலும் சாக்குப்போக்காகக் கருதப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்துக் கூறப்படுவது வரலாறாக மதிக்கப்படுகிறது. இதன் காரணமாகப் பல உருவாக்குநர்கள் ஆட்டம் உருவாகும் காலத்தில் மௌனம் காப்பதையே விரும்புகின்றனர்.

வரலாறு

பெயர் மறைக்கப்பட்ட காலம்

தொடக்க காலத்தில் ஆட்டங்களை உருவாக்கியவர்களின் பெயர்களே வெளியிடப்படவில்லை. 1970களில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் தனது ஆட்டப் பேழைகளில் நிரலாளர் பெயரை அச்சிடவில்லை. இதனை ஏற்காத வாரன் ராபினெட் என்னும் நிரலாளர், தாம் எழுதிய அட்வென்ச்சர் ஆட்டத்தில் ஓர் இரகசிய அறையை அமைத்து, அதனுள் தம் பெயரை எழுதி வைத்தார். ஆட்டக்காரர்கள் அவ்வறையைக் கண்டறிந்த பின்னரே இச்செய்தி நிறுவனத்திற்குத் தெரியவந்தது. 1979 இல் அட்டாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் தொடங்கிய ஆக்டிவிசன் நிறுவனம், ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. ஜப்பானில் 1980களில் பல நிறுவனங்கள், போட்டி நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் கவர்ந்து செல்வதைத் தடுக்கும் பொருட்டு, ஆட்டத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் புனைபெயர்களையே இடம்பெறச் செய்தன.

துறைக்குள் பேச்சு

1988 இல் கிறிஸ் கிராபர்ட் என்னும் வடிவமைப்பாளர் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலுள்ள தம் இல்லத்தில் உருவாக்குநர் சிலரைக் கூட்டிக் கலந்துரையாடினார். இக்கூட்டமே பின்னர் ஆட்ட உருவாக்குநர் மாநாடாக வளர்ந்தது. 1994 முதல் 2013 வரை வெளிவந்த கேம் டெவலப்பர் இதழ், போஸ்ட்மார்ட்டம் என்னும் கட்டுரை வகையைப் பரவலாக்கியது. முடிவுற்ற ஒரு திட்டத்தில் சரியாக நடந்தவை, தவறாக நடந்தவை எனச் செய்திகளை இரண்டாகப் பகுத்து, ஆட்டத்தை உருவாக்கியவரே எழுதுவது இதன் முறையாகும். 2011 முதல் மேற்கூறிய மாநாட்டில் பழம்பெரும் ஆட்டங்களுக்கும் இத்தகைய உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. தொடக்கத்தில் துறை சார்ந்தோருக்காகவே அமைந்த இப்பேச்சு, இணையத்தின் வளர்ச்சியால் இரசிகர்களிடமும் சென்று சேர்ந்தது.

வகைகள்

இந்நேர்காணல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

முன்னோட்ட நேர்காணல்: ஆட்டம் வெளிவருவதற்கு முன் இதழ்களுக்கோ தொலைக்காட்சிக்கோ வழங்கப்படுவது. உருவாக்குநரின் எண்ணங்களும் உறுதியான வசதிகளும் இதில் கலந்தே இடம்பெறுகின்றன.

பின்னாய்வு: ஆட்டம் வெளிவந்த பின் அதன் வெற்றி தோல்விகளை உருவாக்குநரே ஆராய்வது.

நிறுவனமே நடத்தும் நேர்காணல்: வெளியீட்டு நிறுவனம் தன் பணியாளர்களிடம் வினாக்களைக் கேட்டு வெளியிடுவது.

ஆவணப்படம்: படக்குழுவினர் உருவாக்குநருடன் நீண்ட காலம் இருந்து பதிவு செய்வது.

பெயர் வெளியிடாத நேர்காணல்: பணி இழப்புக்கு அஞ்சும் பணியாளர்கள், தம் பெயரை மறைக்கும் நிபந்தனையின் பேரில் இதழாளர்களிடம் பேசுவது.

இவாட்டாவின் நேர்காணல்கள்

நிறுவனமே நடத்தும் நேர்காணல்களில் புகழ் பெற்றது, நின்டெண்டோ நிறுவனத்தின் தலைவராக இருந்த சட்டோரு இவாட்டா நடத்திய தொடராகும். ஜப்பானிய மொழியில் "தலைவர் கேட்கிறார்" எனப் பொருள்படும் இத்தொடர், வீ இயந்திரம் வெளிவந்த 2006 இல் தொடங்கியது. ஆங்கிலத்தில் இது இவாட்டாவின் பெயரையே தலைப்பில் கொண்டிருந்தது.

இவாட்டா, எச்ஏஎல் ஆய்வகம் என்னும் நிறுவனத்தில் நிரலாளராகப் பணியாற்றி, 1993 இல் அதன் தலைவரானார்; 2002 இல் நின்டெண்டோவின் தலைவர் பொறுப்பை ஏற்றார். நிரல் எழுதுவதன் இடர்ப்பாடுகளை அறிந்தவர் என்பதால், ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, எங்கே வேலை தடைப்பட்டது, யார் மறுத்தார் என்பன போன்ற வினாக்களை அவரால் எழுப்ப முடிந்தது. பணியாளர்களும் பெரும்பாலும் சிரிப்புடன் விடையளித்தனர். ஷிகேரு மியாமோட்டோ, முடிவுறும் நிலையிலுள்ள வேலையைத் தலைகீழாக மாற்றிவிடும் வழக்கத்தை, உணவு மேசையைக் கவிழ்த்தல் என நிறுவனத்தினர் அழைப்பது இத்தொடரின் வழியே வெளியுலகில் பரவலாக அறியப்பட்டது.

2015 இல் வெளியான ஒரு பகுதி, 2000 ஆம் ஆண்டு வெளிவந்த செல்டா தொடரின் மயோராவின் முகமூடி ஆட்டம் உருவான விதத்தைக் கூறுகிறது. 1998 இல் வெளிவந்த முந்தைய ஆட்டத்தின் நிலவறைகளை மாற்றியமைக்கும் பணி எய்ஜி அவோனுமாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அதில் விருப்பமில்லை. அதற்கு மாற்றாக, ஓர் ஆண்டுக்குள் புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்க முடியுமா என மியாமோட்டோ கேட்டார். அப்போது யோஷியாகி கொய்சுமி, குறுகிய காலத்தைத் திரும்பத் திரும்ப ஆடும் வகையிலான வேறோர் ஆட்டத்தைத் திட்டமிட்டிருந்தார். அவ்வெண்ணம் செல்டா ஆட்டத்தில் சேர்க்கப்பட்டது. முதலில் ஒரு வாரமாக இருந்த சுழற்சி, மீண்டும் முதல் நாளுக்குத் திரும்பும் ஆட்டக்காரருக்குச் சலிப்பூட்டும் என்பதால் மூன்று நாட்களாகக் குறைக்கப்பட்டது. இரசிகர்கள் பெரிதும் போற்றிய மூன்று நாள் அமைப்பு, கால நெருக்கடியும் பழைய பொருட்களை மீண்டும் பயன்படுத்தும் தேவையும் சேர்ந்து உருவாக்கியது என்பதை இந்நேர்காணல் தெளிவாக்குகிறது.

இவாட்டா 2015 சூலை 11 அன்று தமது 55 ஆம் அகவையில் காலமானார். அத்துடன் இத்தொடரும் நின்றது. அவரது கருத்துகள் 2019 இல் ஜப்பானிலும் 2021 இல் ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தன. 2021 முதல் நின்டெண்டோ, உருவாக்குநர்களிடம் வினாக்களைக் கேட்கும் வேறொரு தொடரை வெளியிட்டு வருகிறது.

இத்தொடரின் நேர்காணல்கள் ஆட்டம் முடிவடைந்த பின்னரே எடுக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. ஆட்டத்தில் இல்லாத ஒன்றை அவை வாக்களிக்கவில்லை. மறுபுறம், கேட்பவர் நிறுவனத்தின் தலைவர் என்பதால், தலைவரிடம் சொல்லக்கூடியவை மட்டுமே அவற்றில் இடம்பெற்றன எனவும் கொள்ளலாம்.

வெளியீட்டுக்கு முந்தைய பேச்சும் விளைவுகளும்

மாஸ் எபெக்ட் 3

கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய மாஸ் எபெக்ட் தொடரில், ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுகள் ஓர் ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்திற்குத் தொடரும். 2007 இல் தொடங்கிய கதை 2012 மார்ச்சில் வெளிவந்த மூன்றாம் பாகத்துடன் நிறைவுற்றது. அதே ஆண்டு சனவரியில் அளித்த நேர்காணலில் இயக்குநர் கேசி அட்சன், முதலாம், இரண்டாம், மூன்றாம் முடிவு என எண்ணிச் சொல்லத்தக்க வகையில் இக்கதையின் முடிவு அமையாது எனப் பொருள்படக் கூறினார். வெளிவந்த ஆட்டத்திலோ சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறத்தில் வேறுபட்டு, மற்றபடி பெரிதும் ஒத்திருந்த மூன்று முடிவுகளே காணப்பட்டன.

இரசிகர்கள் அந்நேர்காணலின் சொற்களையே சான்றாகக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்பு இயக்கத்தினர் சிறுவர் மருத்துவமனைகளுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றுக்கு ஏறத்தாழ 80,000 டாலர் திரட்டினர். வேறு சிலர் சுமார் 400 சிறு கேக்குகளைப் பயோவேர் அலுவலகத்திற்கு அனுப்பினர். மூன்று நிறங்களில் பூச்சிடப்பட்டிருந்த அவை அனைத்தும் ஒரே சுவை கொண்டவை. நிறுவனம் அவற்றை இளைஞர் காப்பகம் ஒன்றுக்கு வழங்கியது. ஆட்டம் உருவான விதத்தைக் காட்டும் மின்னூல் ஒன்றில் இடம்பெற்ற, முடிவைப் பற்றி அனைவரும் பலவாறு ஊகிக்க வேண்டும் எனும் கையெழுத்துக் குறிப்பும் இரசிகர்களின் கேலிக்கு இலக்கானது. உருவாக்குநர் தரப்பு தானே முன்வந்து வெளியிட்ட குறிப்பு அதற்கெதிரான சான்றாக மாறியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

மார்ச் 21 அன்று நிறுவனத்தின் இணை நிறுவனர் ரே முசிகா திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார். சூன் மாதத்தில் முடிவை விரிவாக விளக்கும் இணைப்பு இலவசமாக வழங்கப்பட்டது.

நோ மேன்ஸ் ஸ்கை

இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரைச் சேர்ந்த அலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், 2013 திசம்பரில் நோ மேன்ஸ் ஸ்கை ஆட்டத்தை அறிவித்தது. கோள்களைக் கைகளால் வடிவமைக்காமல் கணிதச் சூத்திரங்களால் தோற்றுவிப்பது இதன் முறை. 64 பிட்டு எண் ஒன்றை வித்தாகக் கொள்வதால் 2 இன் 64 ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 1,84,000 கோடி கோடி கோள்கள் இதில் இருக்கலாம். நிறுவனர் சோன் மர்ரி இதழ்களுக்கும், 2015 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் நேர்காணல் அளித்தார். ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பு மிகக் குறைவு எனினும் அது இயலும் எனப் பொருள்படும் விடைகளும் அவற்றில் அடங்கும்.

2016 மே மாதத்தில் வெளியீடு சில வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டபோது மர்ரிக்கும், அச்செய்தியை முதலில் வெளியிட்ட இதழாளருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆகத்து மாதம் ஆட்டம் வெளிவந்த முதல் நாளிலேயே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்திற்குச் சென்றும் ஒருவரையொருவர் காண இயலவில்லை. இரசிகர்கள் பழைய நேர்காணல்களைத் தொகுத்து, சொல்லப்பட்டவை எவை, ஆட்டத்தில் இல்லாதவை எவை என நீண்ட பட்டியல்களை உருவாக்கினர். பிரித்தானிய விளம்பரத் தர ஆணையம் முறையீடுகளை விசாரித்து, விற்பனைப் பக்க விளம்பரத்தில் விதிமீறல் இல்லை என 2016 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆணையம் ஆராய்ந்தது விளம்பரத்தையே. இரசிகர்களின் மனக்குறை நேர்காணல்களைப் பற்றியதாகவும் இருந்தது.

ஆட்டம் வெளிவந்த பின் நிறுவனம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்தது. நவம்பர் இறுதியில் முதல் பெரிய மேம்படுத்தல் வெளிவந்தது. அது முதல் மேம்படுத்தல்கள் முடிவடைந்த பின்னரே அறிவிக்கும் வழக்கத்தை நிறுவனம் பெரிதும் பின்பற்றியது. 2018 சூலையில் பலர் கூடி ஆடும் வசதி முழுமையாகச் சேர்க்கப்பட்டது. 2019 இல் இரசிகர்கள் பணம் திரட்டி, அலுவலகத்திற்கு அருகில் நன்றி தெரிவிக்கும் விளம்பரப் பலகை ஒன்றை வைத்தனர். நேர்காணல்களால் இழந்த நம்பிக்கையை, நேர்காணல்களைத் தவிர்த்தே இந்நிறுவனம் மீட்டது எனலாம்.

பீட்டர் மொலினியு

பிரித்தானிய வடிவமைப்பாளர் பீட்டர் மொலினியு, 1989 இல் வெளிவந்த பாப்புலசு ஆட்டத்தால் புகழ் பெற்றவர். தாம் எண்ணிக்கொண்டிருப்பவற்றை ஆர்வத்துடன் இதழாளர்களிடம் விவரிப்பது அவர் வழக்கம். 2004 இல் வெளிவந்த பேபிள் ஆட்டத்தில், நட்ட விதை காலப்போக்கில் மரமாக வளரும் என அவர் கூறியது நிறைவேறாமல் போனது. திட்டமிட்ட வசதிகள் பல இடம்பெறாததற்காக அவ்வாண்டே அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

2012 இல் அவர் கோடசு என்னும் ஆட்டத்திற்காக ஆதரவாளர்களிடமிருந்து 5,26,000 பவுண்டுக்கும் மேல் திரட்டினார். ஆட்டம் உரிய காலத்தில் நிறைவுறாத நிலையில், 2015 பெப்ரவரியில் ராக் பேப்பர் ஷாட்கன் இதழின் சார்பில் சான் வாக்கர் அவரை நேர்கண்டார். மொலினியு பொய் சொல்லும் நோய் உடையவரா என்பதே அவரது முதல் வினா. மிக நீண்ட அந்நேர்காணல் ஏறத்தாழ முழுமையாக வெளியிடப்பட்டது. பணம் கொடுத்தவர் சார்பில் கேட்கப்பட வேண்டியவை கேட்கப்பட்டன என வாசகருள் ஒரு பகுதியினர் பாராட்டினர். வேறு பலர், அது நேர்காணல் அன்று, துன்புறுத்தல் எனக் கண்டித்தனர். அக்காலத்தில் மொலினியு, இனி இதழ்களிடம் பேசப்போவதில்லை எனக் கூறினார். எனினும் பிற்காலத்தில் மீண்டும் நேர்காணல் அளித்துள்ளார். வெளிப்படையாகப் பேசுவதும் உண்மை பேசுவதும் ஒன்றல்ல என்னும் விவாதத்தில் இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தாம் சொல்வதை அச்சமயத்தில் முழுமையாக நம்பும் ஒருவர், பிறருக்குப் பொய்யராகத் தோன்றக்கூடும்.

உருவாக்கத்தின் நடுவே வெளிப்படைத்தன்மை

2012 பெப்ரவரியில் டிம் சேபரின் டபிள் பைன் நிறுவனம், ஓர் ஆட்டத்தையும் அது உருவாகும் விதத்தைக் காட்டும் ஆவணப்படத்தையும் ஒருசேர உருவாக்குவதாகக் கூறி 4,00,000 டாலர் கேட்டது. 87,000 க்கும் மேற்பட்டோர் 33 இலட்சம் டாலருக்கும் அதிகமாக வழங்கினர். 2013 சூலையில், வடிவமைக்கப்பட்ட ஆட்டம் கையிலுள்ள பணத்திற்கு மிகப் பெரியது என்றும், அதனை இரு பகுதிகளாக வெளியிட்டு முதற்பகுதியின் வருவாயில் இரண்டாவதை முடிக்கப் போவதாகவும் சேபர் அறிவித்தார்.

செய்தித் தலைப்பை மட்டும் கண்டவர்கள் பலர் இதனைக் கடுமையாகச் சாடினர். மாதந்தோறும் ஆவணப்படத்தைப் பார்த்துவந்த ஆதரவாளர்களிடம் ஒப்பீட்டளவில் பொறுமை காணப்பட்டது. செலவு எவ்வாறு ஏற்பட்டது என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். புரோக்கன் ஏஜ் எனப் பெயரிடப்பட்ட அவ்வாட்டத்தின் இரு பகுதிகளும் முறையே 2014 சனவரியிலும் 2015 ஏப்ரலிலும் வெளிவந்தன. அதே நிறுவனத்தின் வேறோர் ஆட்டம் உருவான விதத்தைக் காட்டும் 32 பகுதிகள் கொண்ட ஆவணப்படம் 2023 இல் வெளியானது. பணியாளர்களிடையே எழுந்த கசப்பான வாக்குவாதங்களும் அதில் நீக்கப்படாமல் இடம்பெற்றுள்ளன.

தோல்விக்குப் பின் வெளிப்படைத்தன்மை

பைனல் பான்டசி 14

ஜப்பானின் இசுகுவேர் எனிக்சு நிறுவனம் 2010 செப்டம்பரில் வெளியிட்ட பைனல் பான்டசி 14 இணைய ஆட்டம் பெருந்தோல்வி அடைந்தது. அவ்வாண்டு திசம்பரில் நவோக்கி யோசிடா பொறுப்பேற்றார். பழைய ஆட்டத்தைத் திருத்திக்கொண்டே, அதே வேளையில் புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்க அவர் முடிவு செய்தார். பழைய ஆட்டம் 2012 நவம்பரில் மூடப்பட்டு, புதியது 2013 ஆகத்தில் வெளிவந்தது. இடைக்காலத்தில் தயாரிப்பாளரின் மடல் என்னும் பெயரில் அவர் ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து விளக்கமளித்தார். பின்னர் இது நேரலையாகவும் வளர்ந்தது.

2014 உருவாக்குநர் மாநாட்டில் யோசிடா தோல்வியின் காரணங்களை விரித்துரைத்தார். காட்சித் தரத்திற்கு அளவுக்கு மீறிய முதன்மை அளிக்கப்பட்டமையை விளக்க, ஒரு பூந்தொட்டியை அவர் எடுத்துக்காட்டினார். அத்தொட்டியை வரையத் தேவைப்பட்ட பல்கோண உருவங்களின் எண்ணிக்கை, ஆட்டக்காரரின் கதைமாந்தருக்குத் தேவைப்பட்டதற்கு இணையாக இருந்தது. இதனால் திரையில் பலரை ஒருங்கே காட்ட இயலவில்லை. குழுவினர் சமகால இணைய ஆட்டங்களை அறியாதிருந்ததும், எதையும் பின்னர் திருத்திக்கொள்ளலாம் என எண்ணியதும் பிற காரணங்கள் என அவர் கூறினார்.

2021 நவம்பரில் விரிவாக்கம் ஒன்றின் வெளியீட்டை இரு வாரங்கள் தள்ளிவைப்பதாக அறிவித்தபோது யோசிடா கண்கலங்கினார். இரசிகர்களிடமிருந்து வந்த மறுமொழிகள் பெரும்பாலும் ஆறுதலாகவே இருந்தன. வெளியீட்டுத் தள்ளிவைப்பு நோ மேன்ஸ் ஸ்கைக்குக் கொலை மிரட்டலையும் இவ்வாட்டத்திற்கு ஆறுதலையும் ஈட்டியது. பத்தாண்டுகளாகக் கெட்ட செய்திகளையும் தொடர்ந்து பகிர்ந்து வந்தமையே இவ்வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது.

ஈ.டி.

1982 இல் அட்டாரி வெளியிட்ட ஈ.டி. ஆட்டம், வரலாற்றில் மிக மோசமான ஆட்டங்களுள் ஒன்றாக நெடுங்காலம் எள்ளப்பட்டது. திரைப்பட உரிமம் காலந்தாழ்ந்து கிடைத்ததால், விடுமுறைக்கால விற்பனைக்கென அதனை ஐந்து வாரங்களில் முடிக்க நேர்ந்தது என அதன் ஒரே நிரலாளரான அவர்ட் இசுகாட் வார்சா பிற்கால நேர்காணல்களில் விளக்கினார். 2014 ஏப்ரலில் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைக் கிடங்கைத் தோண்டி, அட்டாரி புதைத்த பேழைகள் எடுக்கப்பட்டன. அதனைப் பார்க்கத் திரண்ட இரசிகர்கள் நடுவே வார்சா கண்கலங்கிய காட்சி ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளது. நிரலாளரின் திறமையின்மை எனக் கருதப்பட்ட தோல்வி, நிருவாகத்தின் கால நெருக்கடியால் நேர்ந்தது என இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது.

மறைநுட்பங்களும் ஆட்டக்காரர் உணர்வும்

2017 செப்டம்பரில் பல உருவாக்குநர்கள், ஆட்டங்களில் தாம் மறைத்து வைக்கும் நுட்பங்களைப் பொதுவெளியில் பகிர்ந்தனர். 2007 இல் வெளிவந்த பயோசாக் ஆட்டத்தின் வடிவமைப்பாளர்களுள் ஒருவரான பால் எல்குவிசுட், ஆட்டக்காரரின் உயிராற்றல் முற்றிலும் தீரவேண்டிய வேளையில் ஓரிரு நொடிகள் எந்தத் தாக்குதலும் அவரைப் பாதிக்காது எனத் தெரிவித்தார். மயிரிழையில் தப்பினோம் என்னும் உணர்வை ஏற்படுத்துவதே இதன் நோக்கம். வேறு சில ஆட்டங்களில் உயிராற்றல் பட்டையின் இறுதிப் பகுதி, கண்ணுக்குத் தெரிவதை விடக் கூடுதல் மதிப்புடையதாக அமைக்கப்பட்டுள்ளது.

இதனைப் படித்தோருள் பலர் வியந்தனர். தமது திறமையால் பெற்ற வெற்றி என எண்ணியது உருவாக்குநர் அளித்த சலுகை என அறிந்து ஏமாற்றமடைந்தோரும் உண்டு. வெளிப்படையாகப் பேசுவது, ஆட்டம் தரும் இன்பத்தின் அடிப்படையையே மாற்றக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

மௌனத்திற்கான காரணங்கள்

அதே 2017 இல் உருவாக்குநர் ஒருவர், தம் துறையினர் வெளிப்படையாகப் பேசாததற்கு ஆட்டக்காரர் சமூகத்தின் நச்சுத்தன்மையே காரணம் என எழுதியது பெரும் விவாதத்தை எழுப்பியது. பொதுவாகச் சுட்டப்படும் காரணங்கள் வருமாறு:

ஒப்பந்தக் கட்டுப்பாடு: பணியாளர்கள் இரகசியக் காப்பு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகின்றனர். வெளியீட்டு நிறுவனத்தின் இசைவின்றிப் பேசுவது வேலையிழப்புக்கு வழிவகுக்கலாம்.

திட்டங்களின் நிலையாமை: ஆட்டம் உருவாகும் காலத்தில் வசதிகள் சேர்க்கப்படுவதும் நீக்கப்படுவதும் இயல்பு. நேர்காணலில் கூறப்பட்ட எண்ணம் பின்னர் நீக்கப்பட்டால், அது பறிக்கப்பட்டதாக இரசிகர் உணர்கின்றனர்.

சூழல் நீங்கிய மேற்கோள்: பயோவேர் எழுத்தாளர் செனிபர் எப்லர், 2006 இல் அளித்த நேர்காணலில், தமக்குச் சண்டைக் காட்சிகளில் ஆர்வமில்லை எனவும் அவற்றைத் தாண்டிச் செல்லும் வசதி வேண்டும் எனவும் கூறியிருந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் 2012 இல் அவ்வரிகள் பரப்பப்பட்டு, அவருக்கு வசைகளும் மிரட்டல்களும் வந்தன.

தனிமனிதர் மீதான தாக்குதல்: பேசுபவரின் பெயரே இரசிகர்களுக்குத் தெரியும் என்பதால், நூற்றுக்கணக்கானோர் எடுத்த முடிவுகளுக்கும் அவரே பொறுப்பாக்கப்படுகிறார். அமெரிக்காவின் பங்கி நிறுவனப் பணியாளர் ஒருவரைத் துன்புறுத்திய ஆட்டக்காரர் 4,80,000 டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என 2023 சூலையில் வாசிங்டன் மாநில நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

நம்பகத்தன்மை

உருவாக்குநர் நேர்காணல்களைச் சான்றாகக் கொள்வோர் சில வரம்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். நிறுவனம் நடத்துபவை நிறுவனத்தின் ஒப்புதலுடனேயே வெளிவருகின்றன. பல ஆண்டுகள் கழித்துக் கூறப்படுபவை நினைவுப் பிழைக்கு உட்பட்டவை; ஒரே நிகழ்வை இரு உருவாக்குநர்கள் இரு விதமாகக் கூறுவதும் உண்டு. பெயர் வெளியிடாத நேர்காணல்களில் பேசுபவரின் தனிப்பட்ட மனக்குறையும் கலந்திருக்கலாம். ஆகவே பலரது கூற்றுகளை ஒப்பிட்டு நோக்குவதும், அக்கால ஆவணங்களுடன் சரிபார்ப்பதும் இன்றியமையாதன. மொழிபெயர்ப்பும் ஒரு சிக்கலாகும். ஜப்பானிய நேர்காணல்களைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கும்போது, பணிவுக்காகச் சொல்லப்பட்ட தன்னடக்கச் சொற்கள் குறையை ஒப்புக்கொள்வதாகப் பொருள் மாறக்கூடும்.

ஆவண மதிப்பு

திரைப்படம், நூல் ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் நிகழ்பட ஆட்டங்களின் உருவாக்க ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேணப்பட்டுள்ளன. பழைய நிறுவனங்கள் பல மூடப்பட்டபோது நிரல் மூலங்களும் வடிவமைப்புக் குறிப்புகளும் அழிந்தன. நிகழ்பட ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வு, 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை எனக் கண்டறிந்தது. ஆட்டமே கிடைக்காத நிலையில், அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்கு உருவாக்கியவரின் சொல்லே பல நேரங்களில் எஞ்சியிருக்கும் ஒரே சான்றாகும். முதல் தலைமுறை உருவாக்குநர்கள் முதுமை அடைந்துவரும் நிலையில், அவர்களது நினைவுகளைப் பதிவு செய்யும் பணியில் ஆவணப்படக் குழுக்களும் இரசிகர்களும் ஈடுபட்டுள்ளனர். 2016 இல் தொடங்கப்பட்டு ஆதரவாளர் நிதியால் இயங்கும் நோகிளிப் ஆவணப்படக் குழு இவற்றுள் ஒன்று.

உருவாக்குநரை மௌனமாக்கும் சினமும், அவரது நினைவைத் தேடிப் பதிவு செய்யும் ஆர்வமும் ஒரே இரசிகர் சமூகத்திலிருந்தே எழுகின்றன. ஒரு தலைமுறை உருவாக்குநர்கள் அச்சத்தால் பேசாதிருந்தால், அவர்களது ஆட்டங்களின் வரலாறு பிற்கால ஆய்வாளருக்குக் கிடைக்காமல் போகும்.

இவற்றையும் பார்க்க

நிகழ்பட ஆட்டம்
சட்டோரு இவாட்டா
நிகழ்பட ஆட்ட வடிவமைப்பு
வாய்மொழி வரலாறு
கூட்டு நிதி திரட்டல்